பாட் கைமாறும் முன் சொல்லிவிடுங்கள்

போக்கர் மேசையில் டீலர் ஒரு தவறு செய்தால், அதைத் திருத்தக் கிடைக்கும் நேரம் ரொம்பக் குறைவு. சில தவறுகளுக்கு இரண்டு மூன்று பேர் ஆடி முடிக்கும் வரை அவகாசம். சிலவற்றுக்கு அடுத்த ஆட்டத்துக்காகக் கட்டைக் கலைக்கத் தொடங்கும் வரை. அந்த எல்லை தாண்டிவிட்டால், மேசையில் இருக்கும் அத்தனை பேரும் தவறு என்று ஒப்புக்கொண்டாலும் பணம் போனது போனதுதான். புதிதாக உட்காருபவர்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. லாஸ் வேகாஸின் சின்னப் பந்தய மேசைகளில், பெரும்பாலும் கட்டாயப் பந்தயம் ஒன்று, மூன்று டாலராக இருக்கும் நோ-லிமிட் ஹோல்டெம் என்ற போக்கர் வகையில், பல வருடங்களாக ஆடி வருகிறேன். அங்கே பார்த்ததையும் பட்டதையும் வைத்து எழுதுகிறேன்.

ரம்மி ஆடிப் பழகியவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டில் ஆடும்போது சீட்டுப் போடுபவரும் ஆட்டக்காரர்தான். காசினோ போக்கரில் டீலர் ஆடுவதில்லை. அவர் காசினோவின் ஊழியர். யார் ஜெயித்தாலும் அவருக்கு ஒன்றுதான். ஒரு ஆட்டத்தில் எல்லாரும் வைத்த பந்தயப் பணம் மொத்தமும்தான் பாட். காசினோ ஒவ்வொரு பாட்டிலிருந்தும் ஒரு சின்னப் பங்கை ரேக் என்று எடுத்துக்கொள்ளும், அவ்வளவே. ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடுவார்கள். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று என்று ஐந்து சீட்டு திறப்பார்கள். இவைதான் ஃப்ளாப், டர்ன், ரிவர். ஒவ்வொரு முறை திறக்கும் முன்னும் மேல்சீட்டு ஒன்றைப் பார்க்காமல் ஒதுக்கிவிடுவார்கள். அது பர்ன் கார்டு.

ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய முப்பது ஆட்டம் ஓடும். ஒவ்வொன்றிலும் டீலர் சீட்டை வீச வேண்டும், யார் எவ்வளவு வைத்தார்கள் என்று பார்க்க வேண்டும், சில்லறை கொடுக்க வேண்டும், ரேக் எடுக்க வேண்டும், கடைசியில் யார் கை பெரியது என்று படிக்க வேண்டும். கூடவே மேசையில் பேச்சு, பக்கத்தில் ஸ்லாட் மெஷின் சத்தம். தவறு நடக்கத்தான் செய்யும். அது நடந்த நொடியில் நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பணம் போய்ச் சேரும் இடம் மாறும்.

அதிகம் பார்த்தது, கையைத் தப்பாகப் படிப்பது. ஒரு ஆட்டத்தில் நான் தொடக்கத்திலேயே ஃபோல்டு செய்துவிட்டு, அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகி, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் இரண்டு பேர் மிச்சம். நடுவில் இருந்த சீட்டுகள்: இஸ்பேட் எட்டு, டைமண்ட் எட்டு, கிளாவர் ஐந்து, ஆர்ட்டின் ஜாக்கி, ரிவரில் வந்த இஸ்பேட் ஜாக்கி. ஒரு பெரியவர் ஏழு ஜோடியை, அதாவது ஏழு எண் சீட்டு இரண்டை, திறந்து வைத்தார். எதிரே இருந்த இளைஞர், "எனக்கு ஒன்றும் சேரவில்லை" என்று சொல்லிக்கொண்டே ராஜாவையும் ராணியையும் முகம் தெரியப் போட்டார். டீலர் ஏழு ஜோடியைப் பார்த்தார், ராஜா ராணியைப் பார்த்தார், பாட்டைப் பெரியவர் பக்கம் தள்ள ஆரம்பித்தார். ஏறக்குறைய 200 டாலர் இருக்கும். அவருடைய இன்னொரு கை இளைஞரின் சீட்டை இழுக்கப் போய்விட்டது.

ஹோல்டெமில் கையிலும் நடுவிலும் இருக்கும் ஏழில் சிறந்த ஐந்துதான் கணக்கு. நடுவிலேயே ஜாக்கி ஜோடியும் எட்டு ஜோடியும் கிடக்கின்றன. பெரியவரின் ஏழு மூன்றாவது ஜோடி, அதற்கு இடமே இல்லை. அவருக்கு இரண்டு ஜோடியும் கூட ஒரு ஏழும். இளைஞருக்கு அதே இரண்டு ஜோடி, கூட ஒரு ராஜா. ஜெயித்தது இளைஞர்.

"ஒரு நிமிஷம், அந்தச் சீட்டை எடுக்காதீங்க. ராஜாதான் பெரிசு" என்றேன். டீலர் நின்றார். நடுவில் இருந்த சீட்டுகளில் இரண்டு ஜாக்கியையும் இரண்டு எட்டையும் விரலால் ஓர் அங்குலம் மேலே நகர்த்தினார். ஐந்தைக் கீழேயே விட்டார். ராஜாவைத் தொட்டார். "ஆமாம், மன்னிக்கணும்" என்று பாட்டை மறுபக்கம் தள்ளினார்.

பெரியவருக்குக் கோபம். "நீதான் ஆட்டத்திலேயே இல்லையே, உனக்கு என்ன?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதுபோலத் தெரியும், ஏனென்றால் ஆட்டம் நடக்கும்போது அடுத்தவர் கைக்கு யோசனை சொல்லக் கூடாது என்பது உறுதியான விதி. ஆனால் இரண்டு சீட்டும் முகம் தெரிய மேசைக்கு வந்த பிறகு நிலைமை வேறு. அப்புறம் ஆட்டக்காரர் வாயால் என்ன சொன்னார் என்பது கணக்கில்லை, சீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. போட்டிகளுக்கான பொது விதிகளை வகுக்கும் டூர்னமெண்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷன் 2001-ல் தொடங்கப்பட்டது. கையைப் படிப்பதிலோ பாட்டைக் கொடுப்பதிலோ தவறு கண்டால், ஆட்டத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும் என்று அதன் விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. நான் ஆடிய பண மேசைகளிலும் இதுதான் வழக்கம்.

இதில் ஒரு கோடு இருக்கிறது. இளைஞர் தன் சீட்டைத் திறக்காமல் கவிழ்த்தே தள்ளியிருந்தால், அவர் கையில் இருந்தது எனக்குத் தற்செயலாகத் தெரிந்திருந்தாலும் நான் வாய் திறக்கக் கூடாது. திறந்து வைத்த கைக்கு மட்டும்தான் இந்தப் பாதுகாப்பு. அதனால் புதியவர்களிடம் நான் சொல்வது: ரிவர் வரை போய்விட்டீர்கள் என்றால், தோற்றுவிட்டோம் என்று தோன்றினாலும் இரண்டு சீட்டையும் மேசையில் முகம் தெரியத் தட்டையாக வையுங்கள். ஒன்றை மட்டும் காட்டுவது, காற்றில் தூக்கிக் காட்டிவிட்டுக் கவிழ்ப்பது இதெல்லாம் வேண்டாம். ஜெயித்தால் பாட் உங்கள் பக்கம் வந்து சேரும் வரை சீட்டை விடாதீர்கள். அடுத்த ஆட்டத்துக்குக் கட்டை முதல் முறை கலைத்தாலோ, தானியங்கிக் கலைப்பான் இருந்தால் அதன் பொத்தானை அழுத்தினாலோ, முந்தைய ஆட்டத்தைப் பற்றிக் கேட்கும் உரிமை முடிந்தது.

டீலரின் இரண்டு பக்கத்து நாற்காலிகளில் உட்காருபவர்களுக்கு ஆபத்து வேறு. என்னோடு வேலை பார்க்கும் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவனை ஒருமுறை கூட்டிப் போயிருந்தேன். அவனுக்குக் கிடைத்தது ஒன்றாம் நாற்காலி, டீலரின் இடது கைக்குப் பக்கத்தில். ராணி ஜோடி வந்தது. 20 டாலருக்கு ரேஸ் செய்தான், அதாவது பந்தயத்தை ஏற்றினான். ஒருவர் கால் செய்தார், அதாவது அதே தொகையை வைத்தார். அதற்குப் பின்னால் இருந்தவர்கள் சீட்டை டீலர் பக்கம் தள்ள, அவர் அள்ளிச் சேர்த்த வேகத்தில் அவன் முன்னால் கிடந்த இரண்டு சீட்டும் சேர்ந்து போய்விட்டது. அவன் கை நீட்டுவதற்குள் கழித்த சீட்டுக் குவியலில் கலந்துவிட்டது. அந்தக் குவியலைத்தான் மக் என்பார்கள்.

மேற்பார்வையாளர் வந்தார். இவரை எல்லாரும் ஃப்ளோர் என்றுதான் கூப்பிடுவார்கள். குவியலைப் பார்த்தார். எந்த இரண்டு சீட்டு என்று நூறு சதவீதம் உறுதியாகச் சொல்ல முடியுமா என்று டீலரிடம் கேட்டார். முடியாது என்றார் டீலர். கை செத்தது என்று தீர்ப்பு. 20 டாலர் பாட்டிலேயே கிடக்கும். அவன் ரேஸ் செய்து அதை யாரும் கால் செய்யும் முன்பே சீட்டுப் போயிருந்தால், அந்த ரேஸில் எதிராளி ஈடுகட்டாத பகுதி திரும்பக் கிடைத்திருக்கும். கால் வந்துவிட்டதால் அதுவும் இல்லை.

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. வேகாஸில் ஆட்டம் நடக்கும்போது மேசையில் ஆங்கிலம் மட்டும்தான் பேசலாம். இரண்டு பேர் தனி மொழியில் பேசினால் சீட்டைச் சொல்லிக்கொள்கிறார்கள் என்ற சந்தேகம் வரும். அதனால் அப்போது அவனிடம் எதுவும் பேச முடியவில்லை. இடைவேளையில் காபி வாங்கப் போனபோதுதான் கேட்டான்.

"அண்ணா, தப்புப் பண்ணது அவங்க. காசு ஏன் என்னோடது போகணும்? ராணி ஜோடின்னு சொன்னேனே, தேடி எடுத்துத் தந்திருக்கலாம்ல?"

"நீ உண்மையைச் சொல்றேன்னு எனக்குத் தெரியும் தம்பி. ஃப்ளோருக்குத் தெரியாதுல்ல. குவியலில் என்ன சீட்டுக் கிடக்கும்னு ஊகிச்சு யார் வேணா சொல்லலாம்."

அவன் ஆதங்கம் நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் இந்த விதி சரி என்றுதான் நினைக்கிறேன். பணத்தைத் திருப்பித் தருவோம் என்று வைத்தால், எதிராளி பெரிதாக ஏற்றும்போது தன் சீட்டை டீலர் கைக்குப் பக்கத்தில் நைசாக நகர்த்தி வைக்கிற ஆட்கள் வருவார்கள். டீலரும் ஆட்டக்காரரும் கூட்டுச் சேர்ந்தால் இன்னும் மோசம். சீட்டைக் காப்பது ஆட்டக்காரரின் பொறுப்பு என்று வைத்ததால்தான் அந்தக் கதவு அடைபட்டிருக்கிறது. இது சின்ன மேசைகளில் மட்டும் நடப்பது என்றும் நினைக்க வேண்டாம். 2009 வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கரின் மெயின் ஈவெண்ட், நுழைவுக் கட்டணமே 10,000 டாலர். அதில் பிரான்ஸ் நாட்டுத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் எஸ்டெல் டெனியின் ஏஸ் ஜோடியை டீலர் இப்படித்தான் மக்கில் இழுத்துவிட்டார்.

தடுப்பது சுலபம். சீட்டின் மேல் கனமாக எதையாவது வையுங்கள். பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் சிப் ஒன்று போதும். கடையில் இதற்கென்றே விற்கும் வில்லைகளும் உண்டு. தம்பி அன்றிலிருந்து பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை வைத்துக்கொள்கிறான். எதுவும் இல்லாவிட்டால் கை போதும், ஆனால் கையை எடுக்கக் கூடாது. நாற்காலி தேர்ந்தெடுக்கும் வாய்ப்பிருந்தால் நான் ஓரத்து இரண்டையும் தவிர்ப்பேன்.

சீட்டுப் போடும்போது நடக்கும் தவறுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அவற்றால் பெரிய நஷ்டம் வராது. போடும் முதல் இரண்டு சீட்டில் ஏதாவது ஒன்று முகம் தெரிந்துவிட்டாலோ, முதல் சீட்டே தப்பான நாற்காலிக்குப் போய்விட்டாலோ, ஆள் இல்லாத இடத்துக்குப் போட்டுவிட்டாலோ மிஸ்டீல். எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக் கலைத்து மறுபடி போடுவார்கள். முதல் இரண்டுக்குப் பிறகு போடும்போது ஒரே ஒரு சீட்டு முகம் தெரிந்தால் ஆட்டம் நிற்காது. அந்தச் சீட்டு பர்ன் கார்டாகிவிடும், அதற்குப் பதில் வேறு சீட்டு கிடைக்கும். ஏஸ் தெரிந்துவிட்டதே, வைத்துக்கொள்கிறேன் என்று கேட்க முடியாது. கவனிக்க வேண்டியது நேரம்தான். அடுத்தடுத்து இரண்டு பேர் ஆடி அதில் ஒருவராவது சிப் வைத்திருந்தாலும், மூன்று பேர் என்ன ஆட்டம் ஆடி முடித்திருந்தாலும், மிஸ்டீல் கேட்க முடியாது. சீட்டுப் போடும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாக வைக்கும் பந்தயமான பிளைண்ட் இந்தக் கணக்கில் சேராது. கையில் ஒரு சீட்டோ மூன்று சீட்டோ இருந்தால் உங்கள் முறை வரும் வரை காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள்.

மனதை அதிகம் அலைக்கழிப்பது, நடுச்சீட்டை முன்கூட்டியே திறந்துவிடுவது. இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் விதி தெரியாதவர்கள் இதில்தான் கடைசி வரை ஏமாற்றப்பட்டதாக நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

டீலரின் வலது பக்கத்துக் கடைசி நாற்காலியில் நான். கையில் ஆர்ட்டின் ஏஸும் பத்தும். ஃப்ளாப்பில் இரண்டு ஆர்ட்டின். முதல் ஆள் 25 டாலர் வைத்தார். அடுத்தவர் கால். டீலரின் பார்வை முழுக்க இடது பக்கம். நான் இருப்பதை மறந்து மேசையைத் தட்டினார், ஒரு சீட்டை ஒதுக்கினார், டர்னைத் திறந்தார். எல்லாம் இரண்டு விநாடிக்குள். வந்தது ஆர்ட்டின் நான்கு. எனக்கு ஃப்ளஷ், அதாவது ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு, அதுவும் ஏஸ் தலையில் இருப்பதால் எல்லாவற்றிலும் பெரிய ஃப்ளஷ்.

"என் முறை இன்னும் முடியவில்லை" என்றேன். அதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவும் கூடாது. அச்சச்சோ என்று ஒரு சின்னச் சத்தம் போட்டாலே கையில் என்ன இருக்கிறது என்று மேசைக்குத் தெரிந்துவிடும்.

ஃப்ளோர் வந்து நடைமுறையைச் சொன்னார். திறந்த ஆர்ட்டின் நான்கை ஒதுக்கி வைக்க வேண்டும். என் முறை முடிய வேண்டும். நான் 25 வைத்துக் கால் செய்தேன். பிறகு வழக்கம்போல் ஒரு சீட்டை ஒதுக்கிவிட்டு, ரிவராக வந்திருக்க வேண்டிய சீட்டை டர்னாகத் திறக்க வேண்டும். அந்தச் சுற்றுப் பந்தயம் முடிந்ததும், ஒதுக்கிய நான்கை மிச்சக் கட்டில் சேர்த்துக் கலைத்து, வெட்டி, பர்ன் இல்லாமல் ரிவரைத் திறக்க வேண்டும். அப்படியே நடந்தது. கறுப்புச் சீட்டு இரண்டு வந்தது. ரிவரில் வந்த பந்தயத்துக்கு நான் ஃபோல்டு செய்தேன்.

பக்கத்தில் இருந்தவர், "உனக்கு வர வேண்டியதைப் பிடுங்கிவிட்டார்கள்" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த நடைமுறையை யோசித்து வைத்தவர்கள் கெட்டிக்காரர்கள். தவறு நடக்காமல் இருந்தால் டர்னாகவும் ரிவராகவும் வந்திருக்கும் இரண்டு சீட்டுக்கும் மேசைக்கு வர வாய்ப்புக் கொடுக்கிறார்கள், ஒன்றுக்கு உறுதியாக, இன்னொன்றுக்கு மறுபடி கலைத்த கட்டிலிருந்து. கலைத்த கட்டில் எனக்கு வேண்டிய ஆர்ட்டின் அத்தனையும் திரும்பச் சேர்ந்துவிட்டதால் ரிவரில் எனக்கிருந்த வாய்ப்பு எந்த ஆட்டத்திலும் இருப்பதுதான். இதே தவறில் எனக்கு ஆகாத சீட்டு திறந்து, அது ஒதுக்கப்பட்டு, நல்ல சீட்டு வந்ததும் உண்டு. அப்போது பக்கத்தில் யாரும் எதையும் பிடுங்கியதாகச் சொல்லவில்லை. ஃப்ளாப்பையே சீக்கிரம் திறந்துவிட்டால் மூன்றையும் கட்டில் சேர்த்துக் கலைத்து, ஏற்கெனவே ஒதுக்கிய பர்னை அப்படியே விட்டு, புது ஃப்ளாப் திறப்பார்கள். ரிவர் சீக்கிரம் வந்தால் அதையும் கட்டில் சேர்த்துக் கலைத்து, மறுபடி பர்ன் எடுக்காமல் திறப்பார்கள்.

தடுப்பதற்கு ஒரு பழக்கம் உண்டு. ஓரத்து நாற்காலியில் இருந்தால், என் முறை வரும் நேரத்தில் கையைக் கொஞ்சம் முன்னால், டீலர் கண்ணில் படுமாறு வைத்துக்கொள்வேன். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் "டைம்" என்று சத்தமாகச் சொல்வேன். டீலர் மேசையைத் தட்டக் கை எடுக்கும்போதே சொல்லிவிட்டால் சீட்டுத் திறக்காது. அமைதியாக இருப்பது இங்கே மரியாதை ஆகாது. உங்களைத் தாண்டிப் பின்னால் இருப்பவர்கள் ஆடிக்கொண்டே போக நீங்கள் சும்மா இருந்தால், கையே செத்துவிட்டதாக ஃப்ளோர் தீர்ப்புச் சொல்லலாம்.

அப்புறம், எண்ணிக்கைத் தவறுகள். ஒரு சின்னப் போட்டியில் என் இடது பக்கத்தில் இருந்தவருக்கு எதிராக ஒருவர் ஆல்-இன் சொன்னார், அதாவது தன் சிப் அத்தனையையும் வைத்தார். "எவ்வளவு?" என்று கேட்டார் இவர். டீலர் எட்டிப் பார்த்து, "9,400" என்றார். இவரிடம் 16,000 இருந்தது. கொஞ்சம் யோசித்துக் கால் என்றார். எதிராளி ஜெயித்தார். சிப்பைப் பிரித்து அடுக்கியபோதுதான் அடியில் 5,000 சிப் ஒன்று இருந்தது தெரிந்தது. மொத்தம் 14,400. ஃப்ளோர் வந்து முழுத் தொகையையும் கொடுக்கச் சொன்னார். கால் என்று சொன்னால் சரியான தொகை எதுவோ அதற்குத்தான் கால், டீலர் தப்பாகச் சொன்னாலும் எண்ணிப் பார்ப்பது கால் செய்பவரின் பொறுப்பு என்பது போட்டி விதி. 1,600-ஓடு உட்கார்ந்திருந்தார் மனிதர். விதியில் ஃப்ளோருக்குச் சூழ்நிலை பார்த்துத் தளர்த்தும் இடம் உண்டு, அன்று தளர்த்தவில்லை. எனக்கு அந்தத் தீர்ப்பு கடுமையாகத்தான் பட்டது. சின்ன சிப்புக்கு அடியில் பெரிய சிப்பை வைத்தவருக்கு ஒரு கண்டிப்பாவது கிடைத்திருக்க வேண்டும், ஏனென்றால் பெரிய மதிப்புள்ள சிப் எப்போதும் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும் என்பதும் விதிதான்.

அதனால் பெரிய தொகைக்கு டீலர் வாயால் சொல்லும் எண்ணை நான் ஏற்பதில்லை. சிப்பைப் பிரித்து அடுக்கி எண்ணச் சொல்வேன். டீலர் அதைச் செய்யக் கடமைப்பட்டவர், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வேகாஸில் சிப் நிறங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி: 5-க்குச் சிவப்பு, 25-க்குப் பச்சை, 100-க்குக் கறுப்பு. சிவப்பு அடுக்குக்குப் பின்னால் கறுப்பு ஒளிந்திருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். பண மேசையில் இந்த விதியை ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி நடத்துகிறார்கள், உட்காரும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. 100 டாலர் சிப்பைப் போட்டுவிட்டு மீதி வாங்கினால், பஸ்ஸில் கண்டக்டர் தரும் சில்லறையை எண்ணுவதுபோல் அங்கேயே எண்ணிவிடுங்கள்.

இரண்டு மூன்று பேர் வேறு வேறு தொகைக்கு ஆல்-இன் ஆனால் டீலர்கள் தடுமாறுவது சகஜம். கணக்கு ஒன்றும் கடினமில்லை. 60, 150, 150 என்று மூன்று பேர் வைத்திருந்தால், சின்னத் தொகையை மூன்றால் பெருக்க 180, அது மூவருக்கும் பொதுவான பாட். மிச்சம் இருவரிடமும் 90 வீதம் 180, அது அவர்கள் இருவருக்குள் மட்டும். அடுத்த சீட்டைத் திறக்கும் முன்பே இரண்டு பாட்டையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு பிரிக்கப் போனால் குழப்பம் இரட்டிப்பாகும்.

தவறு உங்களுக்குச் சாதகமாக இருந்தால்? நான் மதிக்கும் ஓர் உள்ளூர்க்காரர் இருக்கிறார், ஓய்வுபெற்றவர், காலையிலேயே வந்து உட்காருவார். ஒருமுறை இரண்டு பேரும் பங்கு பிரிக்க வேண்டிய பாட்டை டீலர் முழுதாக அவர் பக்கம் தள்ளிவிட்டார். யாரும் கவனிக்கவில்லை, எதிராளியும்தான். அவர் சிப்பைத் தொடவே இல்லை. "இது பாதிப் பாதி" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அந்த மேசையில் அவர் பிறகு எதற்காவது "இல்லை, இப்படித்தான் நடந்தது" என்று சொன்னால் ஃப்ளோரும் ஆட்டக்காரர்களும் அதை நம்பினார்கள். தனக்கு நஷ்டம் வரும்போது மட்டும் தவறைச் சொல்பவரின் பேச்சு எடுபடுவதில்லை என்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

ஃப்ளோரைக் கூப்பிடுவது புகார் செய்வது ஆகாது, அது உங்கள் உரிமை. நம் ஆட்கள் இதில் ரொம்பத் தயங்குகிறார்கள். டீலரிடம் முதலில் சொல்லுங்கள், பாதித் தவறுகள் அங்கேயே சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் "ஃப்ளோர்" என்று சொல்லிவிட்டு ஆட்டத்தை நிறுத்துங்கள். அவர் வரும் வரை சிப்பையோ சீட்டையோ குவியலையோ யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டீலர் முதலில் சொல்வார், குறுக்கே பேசாதீர்கள். பிறகு உங்கள் முறை. யார் எவ்வளவு வைத்தார், அடுத்து யார் என்ன செய்தார், சீட்டு எப்போது திறந்தது என்று வரிசையாகச் சொல்லுங்கள். உங்கள் கையில் இருக்கும் சீட்டை மட்டும் சொல்லாதீர்கள், ஆட்டம் இன்னும் முடியவில்லை. டீலர் வேண்டுமென்றே செய்தார் என்ற பேச்சும் வேண்டாம். அப்படிச் சொன்ன நொடியில் ஃப்ளோர் நடந்ததை விசாரிப்பதை விட்டுவிட்டு உங்களைச் சமாதானப்படுத்தத் தொடங்குவார்.

டீலரைத் திட்டுவதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. வேகாஸில் பெரும்பாலான டீலர்களின் அடிப்படைச் சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டியே இருக்கும். மிச்சம் எல்லாம் ஜெயித்தவர் தள்ளும் ஒரு டாலர், இரண்டு டாலர். கோடையில் வேர்ல்ட் சீரிஸ் வந்தால் ஊரில் டீலர்களுக்குத் தட்டுப்பாடு. 2024 மெயின் ஈவெண்டில் மட்டும் 10,112 பேர் ஆடினார்கள், அத்தனை பேருக்கும் சீட்டுப் போட ஆள் வேண்டும். புதியவர்கள் நிறையப் பேர் வருவார்கள். அப்படி வந்த ஒரு பெண் சீட்டு வீசும்போது ஒன்று திரும்பி முகம் தெரிந்தது. எதிரே இருந்தவர் தன் சீட்டை அவர் மேல் விட்டெறிந்து கத்தினார். அந்தப் பெண்ணின் கை நடுங்கியது, அடுத்த இரண்டு ஆட்டத்திலும் இன்னும் அதிகமாகத் தவறினார். யாருக்கு லாபம்? இன்னொருவர் ஃப்ளோரைக் கூப்பிட்டார், கத்தியவரை எழுப்பி அனுப்பினார்கள். நான் அந்தப் பெண்ணிடம், "நிதானமாகப் போடுங்க, எங்களுக்கு அவசரம் இல்லை" என்றேன். மேசையில் இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். அரை மணி நேரத்தில் டீலர்கள் மேசை மாறுவார்கள். அவர் எழுந்து போகும் முன் கை சரியாகிவிட்டது. ஒரு டீலர் தொடர்ந்து தவறு செய்கிறார், பணம் பாதிக்கிறது என்றால் அவர் வேறு மேசைக்குப் போன பிறகு ஃப்ளோரிடம் தனியாகச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னதை ஒரு முறைகூட யாரும் தட்டிக்கழித்துப் பார்க்கவில்லை.

ஃப்ளோரின் தீர்ப்பிலேயே உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால், ஷிஃப்ட் மேனேஜரைக் கேட்கலாம். மேசைக்கு மேல் கேமரா இருக்கும், தொகை பெரிதென்றால் பதிவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சின்னத் தொகைக்கு ஆட்டத்தை நிறுத்திவைத்துப் பார்க்க மாட்டார்கள். அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் நெவாடா கேமிங் கண்ட்ரோல் போர்டு என்ற மாநில அமைப்பு இருக்கிறது. வாடிக்கையாளரோடு உள்ள தகராறு 500 டாலரோ அதற்கு மேலோ இருந்து தீரவில்லை என்றால், காசினோவே உடனே போர்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதற்குக் கீழே என்றால், விசாரணை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்று உங்களிடம் சொல்ல வேண்டும். அங்கே போவதாக இருந்தால் கையில் விவரம் வேண்டும்: தேதி, நேரம், மேசை எண், டீலரின் பெயர்ப்பட்டையில் இருந்த பெயர், தீர்ப்புச் சொன்னவர் பெயர், பாட்டில் இருந்த தொகை. எழுந்து வெளியே வந்ததும் ஃபோனில் எழுதிவிடுங்கள். கேமரா பதிவைக் காலம் முழுக்க வைத்திருக்க மாட்டார்கள், அதனால் கேட்பதை அன்றே கேளுங்கள்.